சோலார் மோட்டார் தண்ணீர் குறைந்தால், குறை பேனலிலா, கிணற்றிலா?

“மானியத்தில் 5 ஹெச்.பி சோலார் பம்ப்செட் போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு ஏக்கர் தக்காளிக்குத் தாராளமாகப் பாய்ந்தது. இந்தச் சித்திரையில் ஒரு ஏக்கருக்கே இழுபறி. பேனல் பழுதாகிவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?”

- ஒரு விவசாயி, பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பதில்: பேனலில் எழுதியிருக்கும் வாட்ஸ், ஆய்வகத்தில் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. சித்திரை வெயிலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவிகித மின்சாரம் குறையும். 4,800 வாட்ஸ் பேனல் நண்பகலில் 4,100 வாட்ஸ் கொடுத்தாலே நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, தண்ணீரின் ஆழம். 1,000 லிட்டரை 30 மீட்டர் ஏற்றக் குறைந்தபட்சம் 82 வாட் மணி மின்சாரம் வேண்டும். 60 மீட்டருக்கு இரு மடங்கு. தருமபுரியின் பாறைப் பகுதி போர்வெல்களில் கோடையில் நீர்மட்டம் இறங்கினால், அதே வெயிலுக்குத் தண்ணீர் பாதியாகிவிடும்.

மேகமில்லாத நாளில், பகல் 12 மணிக்கு, டெலிவரி குழாயில் 200 லிட்டர் பேரலைப் பிடியுங்கள். நிரம்ப 60 விநாடி ஆனால், மணிக்கு 12,000 லிட்டர். அதே நேரம் கன்ட்ரோலரில் தெரியும் வாட்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதி வாருங்கள்.

* வாட்ஸ் குறையாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால், நீர்மட்டத்தையும் பம்பையும் பார்க்க வேண்டும். மோட்டார் விட்டு விட்டு ஓடினால், ஊற்று போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.
* வாட்ஸே குறைந்தால், விடியற்காலையில் பேனலைக் கழுவி, நண்பகலில் மறுபடி அளக்கவும். கூடினால் தூசிதான் காரணம். சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடலாம்.
* கழுவியும் கூடவில்லையா? மரநிழல் விழுகிறதா என்று பாருங்கள். ஒயர்களைத் தொட வேண்டாம், உயிருக்கே ஆபத்து. மெக்கானிக்கை அழையுங்கள்.

பி.எம். குசும் திட்டத்தில் போட்ட பம்ப்செட் என்றால், 5 ஆண்டு பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. நோட்டில் உள்ள அளவுகளோடு, வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ‘தண்ணீர் வரவில்லை’ என்பதைவிட, ‘தை மாதம் 60 விநாடி, இப்போது 110 விநாடி’ என்பதற்கு வலு அதிகம்.

நீர்மட்டம்தான் காரணம் என்றால், கூடுதல் பேனலுக்குச் செலவழிப்பது வீண். கிடைக்கும் தண்ணீரை அளந்து, சொட்டு நீரில் எவ்வளவு பரப்புக்குப் போதும் என்று கணக்கிட்ட பிறகு அடுத்த நாற்றை நடுவதே நல்லது.