பொன்னாடைக்குப் பின் கேள்விக்கு நேரமில்லை

நமது பல்கலைக்கழகங்களில் இப்போது கலை நிகழ்வுகளுக்குக் குறைவில்லை. கலை வாரம், ஓவியக் கண்காட்சி, குறும்பட விழா, அரங்க விழா என்று அழைப்பிதழ்கள் வந்த வண்ணம் உள்ளன. அநேகமான அழைப்பிதழ்களில் இரண்டு சொற்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று படைப்பாற்றல், மற்றையது விமர்சனச் சிந்தனை. இவ்விரு சொற்களையும் வாசலில் தொங்கவிட்டு, அவற்றுக்கு நேர் எதிரான ஒன்றையே மண்டபத்தினுள் நடத்துகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

ஆசிரியர் கலாசாலையில் பயின்று, கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். கலைப்பீடங்களின் ஆசனங்களை நிரப்பும் பிள்ளைகளை அனுப்பி வைப்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். நான்கு வருடம் கழித்துப் பட்டத்தோடு திரும்பி வரும்போது அவர்களோடு பேசிப் பார்ப்பவர்களும் நாங்கள்தான். இந்தத் தகுதி போதுமென்று நினைக்கிறேன்.

நான் போய்ப் பார்த்த நிகழ்வுகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்பது மணிக்கென்று அழைப்பிதழ் சொல்லும், பத்தரைக்குத் தொடங்கும். பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று முன்வரிசைக் கதிரைகள் நிரம்ப வேண்டும். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை. அதன்பின் பொன்னாடை. போர்த்தியவருக்கே இன்னொருவர் போர்த்துவார். இவையெல்லாம் முடிந்து கலைக்கு இடம் கிடைக்கும்போது மண்டபத்தில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். மீதிப்பேர் முதலாம் வருட மாணவர்கள். என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் சொல்வார்கள், ஆசனம் நிரப்புவதற்கென்று சிரேஷ்ட மாணவர்கள் அவர்களைக் கொண்டுவந்து இருத்துவார்களாம். இடையில் எழும்ப முடியாதாம். பகிடிவதைத் தடைச் சட்டம் 1998இல் வந்தது. மூத்தவன் முன்னால் வாய் திறக்க அஞ்சும் பிள்ளைக்கு, அதே மூத்தவன் மேடையேறி விமர்சனச் சிந்தனை பற்றி உரையாற்றுகிறான்!

ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு உயர்தரக் கலைப்பிரிவு மாணவிகள் பதினான்கு பேரை வான் பிடித்துக் கூட்டிச் சென்றேன். படங்கள் மோசமானவையல்ல. சில கைகள் நன்றாகவே பழகியிருந்தன. அவற்றிலொன்று கிராமத்துக் காட்சி. ஒற்றையடிப் பாதை, தென்னைகள், இடுப்பில் குடத்தோடு வரும் ஒரு பெண். முகத்தில் புன்னகை. அருகே நின்ற விரிவுரையாளர், அப்படத்தின் ஒளியையும் நிழலையும் பற்றி நன்றாகவே விளக்கினார். அவர் முடித்ததும் என் மாணவி ஒருத்தி கேட்டாள்:

“சேர், எங்கட உம்மா ரெண்டு மைல் போய்த்தான் தண்ணி எடுத்தவ. ஒருநாளும் சிரிச்சுக்கிட்டு வரல்ல. இந்தப் படத்தில மட்டும் ஏன் சேர் சிரிக்கிறா?”

விரிவுரையாளர் சிரித்தார். “மகள், படத்தை முதல்ல ரசிக்கப் பழகுங்க. கேள்வியெல்லாம் பிறகு கேக்கலாம்” என்றார். பிறகு என்ற அந்த நேரம் வரவில்லை. மாலையில் கலந்துரையாடல் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நேரம் போதாமையினால் கைவிடப்படுவதாக ஒலிவாங்கியில் அறிவித்தார்கள். நன்றியுரைக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

வரைபவர் யார், வரையப்படுபவர் யார், உழைப்பை அழகாக்கிக் காட்டுவதால் யாருக்கு வசதி என்ற முழு விவாதமும் அந்தப் பிள்ளையின் ஒரு வசனத்துக்குள் இருந்தது. ஒரு கலைப்பீடம் மூன்று நாள் கருத்தரங்கு வைத்துப் பேச வேண்டிய விடயம். அதைத் தடுத்துவிட்டுத்தான் அழைப்பிதழில் விமர்சனச் சிந்தனை என்று அச்சடிக்கிறோம்.

இச்சொற்கள் எங்கிருந்து இறங்கின என்பதையும் பார்க்க வேண்டும். உலக வங்கியின் உதவியோடு 2010இல் ஒன்றும், 2017இல் அஹெட் என்ற பெயரில் இன்னொன்றுமாக உயர்கல்வித் திட்டங்கள் நம் பல்கலைக்கழகங்களுக்கு வந்தன. 2012இல் வெளியாகி 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகம், பட்டதாரி ஒருவர் அடைய வேண்டிய கற்றல் பேறுகளைப் பன்னிரண்டாக வகுத்தது. அவற்றிலொன்று ‘படைப்பாற்றலும் பிரச்சினை தீர்த்தலும்’. முகாமைத்துவமும் தொழில்முயற்சியும் அதற்கு அடுத்த வீடு. இதில் தவறில்லை. நாளை வேலை தேடும் பிள்ளைக்கு இவையெல்லாம் தேவைதான். ஆனால் பேறு என்று ஒன்றை எழுதிவிட்டால் அதைக் காட்ட வேண்டும். காட்டுவதற்குப் புகைப்படம் வேண்டும், வரவுப் பட்டியல் வேண்டும், அறிக்கை வேண்டும். விழா அறிக்கைக்காகவே நடக்கத் தொடங்குகிறது. கேள்வி கேட்டதற்குப் புகைப்படம் எடுக்க முடியாது. பொன்னாடைக்கு எடுக்கலாம்.

இதே நாட்டில், இதே பல்கலைக்கழகங்களில், வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. 1956இல் பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’யை மேடையேற்றியபோது அவர் நாடகம் என்ற கிராமிய வடிவத்திடம்தான் போனார். சார்ள்ஸ் சில்வா குருனான்சே போன்ற கிராமத்து ஆசானை மாணவர்களுக்கு முன்னால் குருவாக இருத்தினார். அந்தச் சிங்கள வடிவத்துக்கும் நமது கூத்துக்கும் உள்ள உறவு ஆய்வாளர்கள் அறிந்ததே. அதைப் பார்த்துத் தூண்டப்பட்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைக்குக் கொண்டு சென்றார். 1962இல் ‘கர்ணன் போர்’. பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். விடிய விடிய ஆடும் கூத்து சுமார் ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்கியது. எதை எடுப்பது, எதை விடுவது, எந்த ஆட்டம் இன்றியமையாதது என்று பட்டதாரி மாணவர்களும் அண்ணாவியாரும் மாதக் கணக்கில் கூடியிருந்து தீர்மானிக்க வேண்டியிருந்தது. அறுபதுகளின் நடுவில் வந்த ‘இராவணேசன்’, பழைய கதையில் எதிராளியாக நின்றவனைத் துன்பியல் நாயகனாக்கியது. இராவணனாக ஆடிய மௌனகுரு அப்போது மாணவர். கேட்டுப் பழகிய கதையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதற்கு மேல் விமர்சனச் சிந்தனைக்கு வேறென்ன வரைவிலக்கணம் வேண்டும்?

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். வித்தியானந்தன் செய்ததை எல்லோரும் வணங்கிவிட்டுப் போகவில்லை. வட்டக் களரியில் சுற்றியிருந்து பார்த்த கூத்தைப் படச்சட்ட மேடைக்குள் ஏற்றியது சரியா, நகரத்துப் பார்வையாளனுக்குக் கூத்துக் கிடைத்தது, கிராமத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் அவரது குழுவினரும் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊர் மக்களோடு சேர்ந்து, களரியிலேயே கூத்தை மீளுருவாக்கம் செய்ய முயன்றார்கள். அதையும் விமர்சித்தார்கள். எழுதினார்கள், மறுத்தெழுதினார்கள். யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அது இங்கு வேண்டாம். ஒரு பல்கலைக்கழகக் கலை முயற்சி அரை நூற்றாண்டு கழிந்தும் சண்டைக்கு இழுக்கிறதென்றால் அது உயிரோடு இருக்கிறது. நம் கலை வாரங்களைப் பற்றி அடுத்த வாரம் யாராவது சண்டை பிடிக்கிறார்களா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் ஊர் ஊராகக் கொண்டு போனது. அந்தக் காலம் எத்தகையது என்பது எல்லோருக்கும் தெரியும். அனுசரணையாளரின் பதாகை இருந்திராது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களில் கவி என்பது எழுதி வைத்துப் படிப்பதல்ல. பரணிலிருந்து ஒருவன் சொல்ல, வயலிலிருந்து ஒருத்தி அதே சந்தத்தில் மடக்கித் திருப்பிச் சொல்வது. அவன் சொன்னதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தால்தான் அவளால் திருப்பிச் சொல்ல முடியும். எங்களூர் மூத்தம்மாமார் போடியாரின் கஞ்சத்தனத்தையும், சீதனம் கேட்டு வந்த மாப்பிள்ளையின் பெருமையையும் கவியில் கிழித்துப் போடுவதை நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இப்பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியிராவிட்டால் பல இன்று இல்லை. படைப்பாற்றலும் விமர்சனமும் ஒரே மூச்சில் வெளிப்படும் கலை இதைவிட வேறென்ன இருக்கிறது?

பல்கலைக்கழக விழாவில் இந்தக் கவிக்கு என்ன நடக்கிறது? கவி சொல்லும் முதிய பெண்ணொருவரை மேடையில் ஏற்றுவார்கள். ஐந்து கவி. கைதட்டல். ஒரு பொதி, ஒரு சான்றிதழ். பொல்லடிக் குழுவுக்குப் பத்து நிமிடம். அதுவும் அதிதியை வாசலிலிருந்து அழைத்து வருவதற்கு. அந்த அண்ணாவியாரிடம் ஏன் இந்த இடத்தில் அடி மாறுகிறது, யாரிடம் பழகினீர்கள், எதை நீங்கள் மாற்றினீர்கள் என்று ஒரு மாணவன் கேட்டு நான் கண்டதில்லை. அவர்களைப் பாரம்பரியம் என்கிறார்கள். பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் அதன்பின் கேட்க ஒன்றுமில்லை, காட்ட மட்டுமே இருக்கிறது என்று எண்ணம் போலும். கவியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வாசிக்கும் அரங்கில் கவி சொல்பவருக்குக் கதிரை இருப்பதில்லை.

பள்ளிக்கூடங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். இல்லை. நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பாடம். ஒரு நாடகத்தைத் தானும் பார்க்காமல், பிரெக்டின் அந்நியமாதலை ஏழு குறிப்புகளில் மனனம் செய்து ‘ஏ’ எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரியூசன் நோட்டில் எட்டாவது குறிப்பு இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள். இந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டிய இடம் பல்கலைக்கழகம். அங்கே போயும் பிள்ளைக்குக் கிடைப்பது இன்னொரு நோட்டும், வருடத்துக்கு ஒரு விழாவும் என்றால் எங்கே போய்ச் சொல்வது? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் மூடிய வாய் பட்டமளிப்பு மேடையிலும் மூடியே இருக்கிறது.

இன்னொரு சாராருக்கும் ஒரு வார்த்தை. இக்கட்டுரையைப் படித்துவிட்டு, இந்த நாடகமும் படமும் நமக்கு வேண்டாம் என்று நாங்கள் அப்போதே சொன்னோமே என்று மகிழக்கூடியவர்கள் நமது சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கைதட்ட வேண்டாம். நான் கேட்பது இன்னும் அதிகமான கலையை. விழாக்கள் கலையைக் குறைத்துவிட்டன என்பதே என் முறைப்பாடு.

நிதியில்லை என்று சொல்லக்கூடாது. கேள்விக்கு நிதி வேண்டியதில்லை. ஓர் அதிதியைக் குறைத்தால் அரை மணித்தியாலம் மிஞ்சும். பொன்னாடைகளைக் குறைத்தால் கவி சொல்லும் பெண்ணுக்கு வருகைதரு விரிவுரையாளருக்குக் கொடுப்பதில் பாதியாவது கொடுக்கலாம். ஒருநாள் விழாவுக்குப் பதிலாக ஒரு தவணை முழுவதும் அவரோடு மாணவர்களை இருத்தலாம். இறுதியில் அவரே புள்ளியிடட்டும். விழா முடிந்ததும் மலர் வெளியிடுகிறீர்கள். அதில் வாழ்த்துச் செய்திகளுக்குச் செலவாகும் பக்கங்களில் நான்கை, நிகழ்வில் என்ன பிழைத்தது என்று வெளியார் ஒருவர் எழுதக் கொடுங்கள். இச்சஞ்சிகையும் அவ்விழாக்களின் செய்தியையும் படத்தையும் போடுவதோடு நில்லாமல் விமர்சனத்தைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். ஆசிரியர் குழுவினர் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த அழைப்பிதழ் வந்ததும் நான் முதலில் பார்க்கப் போவது நிகழ்ச்சி நிரலைத்தான். பார்வையாளர் கேள்விகளுக்கு ஒரு மணித்தியாலம், அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னர், என்று அதில் இருக்குமானால் வான் கூலியை என் கையிலிருந்தே கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவேன்.