விஸ்கிக்காரர், ஒயின்காரர், குவார்ட்டர் அடிக்கிற அப்பா

போன வாரம் மாலை வகுப்பு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கைப்பேசியை நீட்டினார். ‘நீங்கள் விஸ்கி பிரியரா, ஒயின் பிரியரா? உங்கள் ஆளுமையைச் சொல்கிறோம்’ என்று ஒரு விளையாட்டு. விஸ்கி பிரியர் துணிச்சலானவராம், தனிமை விரும்பியாம், எடுத்த முடிவை மாற்ற மாட்டாராம். ஒயின் பிரியர் பொறுமைசாலி, நுண்ணுணர்வு கொண்டவர், கலை ரசனை உள்ளவர். எல்லோரும் சிரித்தோம். மதுவைத் தொட்டே பார்க்காத ஒரு தங்கை தனக்கு ஒயின் ஆளுமை என்று அறிவித்தார். பின்வரிசைத் தம்பி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “எங்கப்பா குவார்ட்டர் அடிப்பாரு. அவருக்கு என்ன ஆளுமைண்ணா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஊர் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறது. ‘குடிகாரன்.’ விஸ்கிக்கும் ஒயினுக்கும் ‘பிரியர்’ உண்டு. குவார்ட்டருக்கு இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இங்கே விற்கும் விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 30 மில்லி ஊற்றினால் அதில் ஏறக்குறைய 13 மில்லி ஆல்கஹால். ஒயினில் 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 100 மில்லி கோப்பையிலும் அதே 13 மில்லிதான். ஈரலுக்கு இரண்டும் ஒன்று. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கே மலிவாகக் கிடைக்கும் விஸ்கி, பிராந்தி, ரம் மூன்றுக்கும் அடிப்படை பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து வடித்த சாராயம். நிறமும் வாசனையும்தான் வேறு. ஐரோப்பிய விதிப்படி தானியத்தில் வடிக்காததை விஸ்கி என்றே விற்க முடியாது. ஆக நம்மூர் ‘விஸ்கி ஆளுமை’யில் பாதி, லேபிளின் ஆளுமை.

ஆய்வே இல்லையா என்று சமூகவியல் படிக்கும் தோழர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. 21 நாடுகளில் 18 முதல் 34 வயது வரையுள்ள ஏறக்குறைய 30,000 பேரிடம் கேட்ட ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. விஸ்கி போன்ற வடிமதுக்கள் தங்களுக்கு ஆவேசத்தைத் தருவதாக ஏறத்தாழ 30 சதவீதம் பேர் சொன்னார்கள். சிவப்பு ஒயினுக்கு அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். ஆனால் அது குடித்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது. ஒயின் சாப்பாட்டோடு, உட்கார்ந்து, மெதுவாக இறங்குகிறது. வடிமது பெரும்பாலும் வேகமாக, இரவில், வெளியிடத்தில் இறங்குகிறது. எதைக் குடித்தால் எப்படி நடப்போம் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வருகிறது. இதிலிருந்து ஒருவரின் குணத்தை எப்படிப் பிரித்தெடுப்பது?

ஒயின்காரரின் நுண்ணுணர்வையும் சோதித்திருக்கிறார்கள். பிரான்சின் போர்தோவில் ஒயினியல் படித்த 54 மாணவர்களிடம், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு இது. அதே பிரான்சில் பியர் பூர்தியு 1979லேயே ‘டிஸ்டிங்ஷன்’ நூலில், ரசனை என்று நாம் நினைப்பது வர்க்கம் நமக்குள் போட்டுவைத்த பழக்கம் என்று காட்டிவிட்டார். ஒருவர் குடிப்பதை வைத்து அவர் அப்பாவின் வேலையை ஊகிக்கலாம். மனதை ஊகிக்க முடியாது.

அந்த ஒயின் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் திராட்சைத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியை மலிவு ஒயினாகவே கொடுத்தார்கள். ‘டாப்’ முறை என்று பெயர். சட்டம் தடுத்த பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்படும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் அதுவும் ஒன்று. ஒரே தோட்டத்து ஒயின்தான். ஏற்றுமதிப் புட்டியில் அது ரசனை. பறித்தவர்களின் தகரக் குவளையில் ஊற்றினால் ‘இந்தச் சனங்களே இப்படித்தான்.’ கூலியை நெல்லாக அளந்துவிட்டு மேலே கள்ளுக்குக் காசு கொடுத்த பண்ணைகளின் கதையை நம் தாத்தாக்களிடம் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள், தலித்துகள் கணிசமாக. அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்ததும் ‘குடிகாரனுக்கு எதற்கு என் வரிப்பணம்?’ என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! அவர்களில் சனிக்கிழமை இரவு ஒற்றை மால்ட் புட்டியோடு படம் போடுகிறவர்களும் உண்டு. பழிப்பதற்காகச் சொல்லவில்லை. விஷம் கலந்தவன், காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடியவன் இவர்களையெல்லாம் விட்டுவிட்டு செத்தவரின் குணத்தைப் பேசுவது எவ்வளவு எளிதாக வந்தது என்பதற்காகச் சொல்கிறோம். வன்கொடுமை வழக்குகளுக்காக அலைகிறபோதும் இதையே பார்க்கிறோம். அடிபட்டவர் அன்று குடித்திருந்தால் போதும், சாதித் தாக்குதல் ‘குடிபோதைத் தகராறு’ ஆகிவிடும். அடித்தவர் குடித்திருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

குடியை நியாயப்படுத்துகிறோமா? இல்லை. காலனிக்குள் டாஸ்மாக் கடை வந்தபோது அதை மறித்து உட்கார்ந்த பெண்களோடு நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம். குடியால் சிதைந்த வீடுகளின் கணக்கு அவர்களிடம் பேர் பேராக இருக்கிறது. (ஒயினே கேட்காத கூட்டம் நிற்கும் கடைக்கு ‘ஒயின்ஷாப்’ என்று பெயர் வைத்த நம் மக்களின் குறும்பை மட்டும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.)

அன்று அந்தத் தம்பியிடம், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டோம். சாக்கடை அடைப்பு எடுக்கிற ஒப்பந்த வேலை. மனிதர்களை அந்த வேலையில் இறக்குவதை 2013 சட்டம் தடுக்கிறது. ஆனாலும் இறங்குகிறார். “வேலைக்கு முன்னாடிதான் குடிப்பாரு. குடிக்காம அந்த நாத்தத்துல யாருண்ணா கைய விடுவா?” என்றார்.

கள ஆய்வுக்குப் போகும் மாணவர்களின் கேள்வித்தாள்களை நாங்கள் அவ்வப்போது பார்க்கிறோம். ‘மது அருந்தும் பழக்கம் உண்டா: ஆம் / இல்லை’ என்று ஒரு வரி எல்லாவற்றிலும் இருக்கிறது. அடுத்த முறை அதன் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள். எந்த வேலைக்கு முன், எந்த வேலைக்குப் பின். அந்தத் தம்பியும் இந்த ஆண்டு ஆய்வேடு எழுதுகிறார். அப்பாவிடமிருந்தே தொடங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.