துண்டுச் சீட்டு கொடுத்தவன் எங்கே?



தெருமுனையில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் ஒரு அக்காவை நினைச்சுப் பாருங்க. காலையில் மொத்தக் கடையில் ஒரு டின் எண்ணெய், ரெண்டு கிலோ மிளகாய்த்தூள் வாங்குறாங்க. "பில் குடுங்கண்ணே"ன்னு கேட்டா, "பஜ்ஜிக் கடைக்கு எதுக்கும்மா பில்லு?"ன்னு பதில் வருது. கையில் கிடைப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதில் கடைப் பேரும் இல்லை, தேதியும் இல்லை.

நாளைக்கே அந்தத் தூளில் சாயம் இருக்குன்னு ஆய்வில் வந்தால் மாட்டுவது யார்? சாயம் கலந்தவனா? மூட்டை மூட்டையா வித்தவனா? இல்லை. முதல்ல மாட்டுறது அந்த அக்காதான்!

2024 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? பஞ்சுமிட்டாயில் 'ரோடமின் பி' என்ற துணிச் சாயம் இருப்பது தெரிந்து தமிழ்நாட்டில் தடை வந்தது. தடை சரி. குழந்தைகள் வாய்க்குள் போகிற விஷம் அது. ஆனால் கடற்கரையில் மிட்டாயைத் தோளில் சுமந்து நடந்தவரா அந்தச் சாயத்தைத் தயாரித்தார்? தின்பண்டத்துக்கான கலர் என்று சொல்லி அவர் கையில் அதைத் திணித்தது யார்? கேள்வி அந்த இடம் வரைக்கும் போகணுமா, வேண்டாமா?

இதுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே வழி இருக்கு. உணவுப்பொருளை ஒரு வியாபாரிக்கு விற்பவர் எழுத்து மூலம் உத்தரவாதம் தரணும்னு 26ஆம் பிரிவு சொல்லுது. பில் கொடுத்தாலே போதும், அந்த பில்தான் உத்தரவாதம்!

அடுத்து 27ஆம் பிரிவு. சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால், விற்றவரே பொறுப்பு. இப்போ புரியுதா, துண்டுச் சீட்டு ஏன் இவ்வளவு தாராளமா கிடைக்குதுன்னு? அது கணக்குச் சீட்டு இல்லைங்க. மேலே இருப்பவன் தப்பிக்கப் போட்டு வச்ச ஏணி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிடுறோம். சின்ன வியாபாரி என்பதற்காகக் கலப்படத்துக்குச் சலுகை கேட்கவில்லை. நம்ம கடையில் சாப்பிடுறது யாரு? கட்டட வேலைக்குப் போறவங்க, ஆட்டோ ஓட்டுறவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க. கறுத்துப்போன எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்துக் கொடுத்தால் அது நம்ம ஜனத்துக்கு நாமே செய்யும் துரோகம். எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அச்சடிச்ச செய்தித்தாளில் வடை மடிக்கிறதும் இன்றோடு நிற்கட்டும்.

அதோடு உங்க உரிமையும் தெரிஞ்சிருக்கணும். அதிகாரி மாதிரி எடுத்தால் எழுத்து மூலம் நோட்டீஸ் தரணும். எடுத்த பொருளுக்குக் காசு தரணும். மாதிரியை நாலு பங்காகப் பிரிக்கணும். அதில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்கலாம். இரண்டு முடிவும் மாறுபட்டால் மேல் ஆய்வகம் சொல்வதே இறுதி. பகுப்பாய்வு அறிக்கையை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். இதையெல்லாம் எத்தனை கடைக்காரருக்கு யார் வந்து சொல்லிக் கொடுத்தாங்க?

எனவே நாங்கள் கேட்பது மூன்றே மூன்று:

✅ சோதனை மண்டியிலும் மசாலா அரைக்கும் ஆலையிலும் தொடங்கட்டும். பில் இல்லாமல் சரக்கு விற்கும் மொத்த வியாபாரி மீது முதல் நடவடிக்கை பாயட்டும்.

✅ நடமாடும் உணவுப் பரிசோதனை வண்டி சந்தைதோறும் வரட்டும். வாங்கிய தூளையும் எண்ணெயையும் வியாபாரி அங்கேயே கொடுத்து இலவசமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

✅ தெருக்கடைகளுக்கு வார்டுதோறும் பதிவு முகாம் நடத்தட்டும். படிவமும் விளக்கமும் தமிழில் இருக்கட்டும். இடைத்தரகருக்குக் கப்பம் கட்டும் நிலை ஒழியட்டும்.

தோழர்களே, உங்க தெருவில் இருக்கும் கடைக்காரரிடம் இன்னைக்கே இந்தப் பதிவைக் காட்டுங்க. "பில் இல்லேன்னா சரக்கு வேண்டாம்"னு ஒருத்தர் சொன்னா மொத்தக் கடைக்காரர் சிரிப்பார். தெருவே சேர்ந்து சொன்னா, பில் புத்தகத்தைத் தேடி எடுப்பார்!

கலந்தவனைப் பிடி! பில்லைக் கொடு!

#பில்_எங்கள்_உரிமை
#கலப்படத்தின்_வேரைப்_பிடி