லேசர் ஷோ ஹாபி: நான் மிச்சம் பிடிச்ச 6,000 ரூபாய் எனக்கு எவ்வளவு செலவு வெச்சது?



எங்க வீட்டு ஹாலில் லேசர் ஷோ ஓடுற கிளிப்பை சேனல்ல போட்டதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "சார், இதைச் செய்ய எவ்வளவு ஆகும்? கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டா போட்ட காசை எடுத்துடலாமா?"

வீடியோவுல சுருக்கமாத்தான் சொல்ல முடிஞ்சது. முழுக் கணக்கையும் இங்கே வைக்கிறேன்.

முதல்லயே என் கருத்தைச் சொல்லிடறேன். இது அருமையான ஹாபி. கையில உபரிப் பணம் இருந்தா தாராளமா செய்யுங்க. ஆனா பாதுகாப்புச் செலவை பட்ஜெட்டோட முதல் வரியில எழுதுங்க. அந்த வரிக்குப் பணம் இல்லைன்னா மெஷினையே வாங்காதீங்க. இவ்வளவு கறாரா ஏன் சொல்றேன்னா, அதைக் கடைசி வரியில எழுதி மாட்டிக்கிட்டவன் நான்.

மெஷின் எப்படி வேலை செய்யுது?

சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு லேசர் டயோடு. டைக்ரோயிக் கண்ணாடிகள் அந்த மூணையும் ஒரே கற்றையா சேர்க்கும். அந்தக் கற்றை கால்வோ ஸ்கேனர்ல இருக்கற ரெண்டு குட்டிக் கண்ணாடியில பட்டுத் திரும்பும். ஒண்ணு இடது வலது, இன்னொண்ணு மேலே கீழே. கம்ப்யூட்டர்ல இருக்கற படத்தை அந்தக் கண்ணாடிகளுக்குப் புரியற சிக்னலா மாத்தித் தர ஒரு டிஏசி போர்டு. என் ஸ்கேனர் 20 கேபிபிஎஸ். அதாவது செகண்டுக்கு 20,000 புள்ளி.

இதுல ஒரு விஷயத்தை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. சுவத்துல நீங்க பார்க்கறது படம் இல்லை. ஒரே ஒரு புள்ளி. அது ஓடுற வேகத்துல நம்ம கண்ணுக்குப் படமா தெரியுது, அவ்வளவுதான்.

என் செலவு

நான் போட்ட பட்ஜெட் 60,000 ரூபாய். நடந்தது இது:

- 2 வாட் ஆர்ஜிபி லேசர் மாட்யூல்: 32,000
- ஸ்கேனர் செட்: 14,000
- டிஏசி போர்டு: 11,000
- பவர் சப்ளை, அலுமினியம் பிளேட், ஃபேன், பெட்டி: 9,000
- கஸ்டம்ஸ் டியூட்டி, வரி, கூரியர்: 15,000
- புகை மெஷினும் அதுக்கான லிக்விடும்: 14,000
- பாதுகாப்பு சாமான்கள்: 17,000

மொத்தம் 1,12,000. வெளிநாட்டு வெப்சைட்ல பார்த்த விலையை அப்படியே ரூபாயில மாத்தி பட்ஜெட் போட்டேன். கஸ்டம்ஸை மறந்துட்டேன். காத்துல புகை இல்லைன்னா கற்றையே கண்ணுக்குத் தெரியாதுங்கறதையும் மறந்துட்டேன். ஊருக்கெல்லாம் பட்ஜெட் பாடம் எடுக்கற ஆள் நான்!

அந்த 6,000 ரூபாய்

பட்ஜெட் தாண்டிப் போனதும் எனக்குள்ள இருக்கற ஆடிட்டர் முழிச்சுக்கிட்டான். எதைத் தள்ளிப் போடலாம்னு பார்த்தேன். ஸ்கேன் ஃபெயில் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, விலை 6,000 ரூபாய். ஸ்கேனர் அசையாம நின்னுட்டா லேசரை உடனே அணைக்கறதுதான் அதோட ஒரே வேலை. 'அது இல்லாமலும் மெஷின் ஓடுதே, அடுத்த மாசம் வாங்கிக்கலாம்'னு விட்டுட்டேன்.

ரெண்டாவது வாரம், வீடியோவுக்காக கேமராவை ட்ரைபாட்ல வெச்சு ஷூட் பண்ணிட்டு இருந்தேன். ஸ்கேனர் கனெக்டர்ல ஒரு வயர் லூஸாயிடுச்சு. கண்ணாடிகள் நின்னுடுச்சு. ஹால் முழுக்கப் பரவி இருந்த மொத்த வெளிச்சமும் ஒரே புள்ளியா சுருங்கி, நேரா கேமரா மேல விழுந்தது. நான் ஸ்விட்சைத் தொடறதுக்குள்ள சென்சார் போச்சு. மாத்த 28,000 ரூபாய்.

பணம் போனது பெருசு இல்லை. முந்தின நாள் அதே இடத்துல பிளாஸ்டிக் சேர் போட்டு எங்க அம்மா உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தாங்க.

500 மில்லிவாட்டைத் தாண்டின லேசர் எல்லாமே கிளாஸ் 4. இருக்கறதிலேயே ஆபத்தான வகை. நாம கண்ணைச் சிமிட்டறதுக்கு முன்னாடியே விழித்திரையைச் சுட்டுடும். கேமரா சென்சாரை மாத்தலாம். விழித்திரைக்கு ஸ்பேர் கிடையாது.

அதனால முதல் வரியில வர வேண்டியது இவைதான்: ஸ்கேன் ஃபெயில் போர்டு, கைக்கு எட்டற இடத்துல எமர்ஜென்சி ஸ்டாப், சாவி போட்டா மட்டும் ஓடற ஸ்விட்ச், உங்க லேசரோட அலைநீளத்துக்குச் சரியான பாதுகாப்புக் கண்ணாடி. பச்சை லேசருக்குன்னு விக்கற கண்ணாடி நீலத்தைத் தடுக்கும்னு நம்பிடாதீங்க. போர்டு இருக்குன்னு தைரியமா ஆள் மேலயும் அடிக்காதீங்க. மொட்டை மாடியில வானத்தைப் பார்த்து அடிக்கறதும் வேண்டாம். விமானி கண்ணுல பட்டா அது ஹாபி இல்லை, குற்றம்.

வாடகைக்கு விடலாமா?

பேப்பர்ல கணக்கு அழகா இருக்கும். ஒரு விசேஷத்துக்கு 5,000 வாங்கறீங்க. வண்டி, உதவிக்கு ஒரு ஆள், புகை லிக்விட்னு 2,000 போகும். மாசம் ஒரு விசேஷம்னா வருஷத்துக்கு 36,000. மூணு வருஷத்துல போட்ட பணம் கிட்டத்தட்ட வந்துடும். சரிதானே?

இல்லை. இந்தக் கணக்குல ஒரு வரி விட்டுப் போச்சு. யாருக்காவது கண்ணு போனா?

அமெரிக்காவுல பொதுமக்கள் முன்னாடி ஷோ நடத்தறவங்க, ஆள் நிக்கற தரையில இருந்து 3 மீட்டர் உயரத்துக்குக் கீழே கற்றை வராம பார்த்துக்கணும். நம்ம ஊர் மண்டபத்தை யோசிச்சுப் பாருங்க. தாழ்வான சீலிங், மேடையில கண்ணாடி வெச்ச டெகரேஷன், அப்பா தோள்ல உட்கார்ந்த குழந்தை, நாலு பக்கமும் வீடியோகிராஃபர். வீட்டு ஹாலில் யார் எங்கே உட்காரணும்னு நீங்க சொல்லலாம். மண்டபத்துல யார் கேட்பாங்க? நஷ்ட ஈடு கேட்டு வந்தா உங்க ஹெல்த் பாலிசியோ டெர்ம் பாலிசியோ உதவாது. பப்ளிக் லயபிலிட்டி பாலிசி வேணும். அதோட பிரீமியத்தையும் போட்டுப் பாருங்க, அந்த 36,000ல எவ்வளவு நிக்கும்னு தெரியும்.

இன்னும் ரெண்டு விஷயம். வாடகைக்கு விட்டா அது தொழில் வருமானம். சம்பளக்காரங்க ஐடிஆர்-1 போட்டு முடிச்சுக்க முடியாது. சேவை வருமானம் வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டற வரைக்கும் நம்ம ஊர்ல பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது, அது ஒரு ஆறுதல். அதே சமயம், சொந்த உபயோகத்துக்கு வாங்கினதை நாளைக்குப் பாதி விலைக்கு வித்தா, அந்த நஷ்டத்தை வருமான வரியில கழிக்க முடியாது. ஆக, இது முதலீடு இல்லை. செலவு.

அப்போ லாபமே இல்லையா?

இருக்கு. வேற மாதிரி கணக்குப் போடணும். கேமராவையும் சேர்த்து என் செலவு 1,40,000. முதல் வருஷம் 70 மணி நேரம் ஓட்டினேன். மணிக்கு 2,000 ரூபாய். இதே மாதிரி 5 வருஷம் ஓட்டினா, மணிக்கு 400 ரூபாய். ஒரு குடும்பம் சினிமாவுக்குப் போற செலவைவிடக் கம்மி. ஹாபியில லாபம்னா இதுதான். வாங்கினதைத் தொடர்ந்து பயன்படுத்தறது.

அதனால எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க, கிரெடிட் கார்டு இஎம்ஐ போடாதீங்க. ஆறு மாசம் தனியா சேர்த்து வாங்குங்க. வாங்கும்போது பாதுகாப்பு சாமான் முதல் பார்சல்ல வரட்டும், லேசர் ரெண்டாவது பார்சல்ல வரட்டும்.

எங்க அம்மா இப்பவும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சேர் போட்டு உட்கார்ந்துடறாங்க, லேசருக்குப் பின்னாடி. உங்க ஹாபி பட்ஜெட்ல முதல் வரியில என்ன இருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க.