பத்து மடங்கு மட்டும் போதுமா?

மூன்றாண்டுகளுக்கு முன் என் அண்ணன் கடன் வாங்கி ஒரு மின்சார வண்டி வாங்கினார். முதலில் ஒருமுறை மின்னேற்றினால் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடிய வண்டி, இன்று அறுபதைத் தாண்ட மூச்சு வாங்குகிறது. தவணை மட்டும் குறையவில்லை. "தம்பி, நீ வேதியியல்தானே படிக்கிறாய், காரணம் சொல்லேன்" என்று அவர் கேட்டபோது நான் விழித்தேன். அந்த விழிப்பில் பிறந்ததே இக்கட்டுரை.

1991இல் இலித்தியம் அயனி மின்கலம் சந்தைக்கு வந்தது முதல் அதன் எதிர்மின்முனையில் பெரும்பாலும் கரிப்பொருளே, குறிப்பாகக் கிராபைட்டே, இருந்து வருகிறது. ஒரு கிராம் கிராபைட் 372 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டத்தை ஏற்கும். சிலிக்கனோ ஏறத்தாழ 3,600! இந்த எண்ணைக் கண்டு செய்தித்தாள்கள் துள்ளிக் குதிக்கின்றன. நானும் குதித்தவன்தான். பத்து மடங்கு உண்ணும் வயிறு எவ்வளவு வீங்கும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே இலித்தியம், அலமாரியில் செருகும் புத்தகம்போல் நுழைகிறது. கன அளவு பத்து விழுக்காடு அளவே கூடும். சிலிக்கனுடனோ அது கலப்புலோகமாகிறது. கன அளவு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. மின்னிறக்கத்தில் மீண்டும் சுருங்குகிறது. இப்படி வீங்கிச் சுருங்கும் துகள், கோடையில் கண்மாய்க் கரம்பை வெடிப்பதுபோல் பிளக்கிறது. பிளந்த முகம் ஒவ்வொன்றிலும் மின்பகுளி சிதைந்து புதுப்படலம் படிகிறது. அப்படலம் விழுங்குவது மின்கலத்தின் இலித்தியத்தை! சுற்றுக்கு நூற்றில் ஒரு பங்கு இழந்தால், நூறு சுற்றுக்குப் பின் மிஞ்சுவது 37 விழுக்காடே. கூட்டுவட்டிக் கணக்கறிந்தோர் போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 90 மிஞ்சும்.

சுமார் 150 நானோமீட்டருக்குக் குறைந்த துகள் பிளப்பதில்லை என்று 2012இல் கண்டனர். ஆனால் துகள் சிறுத்தால் பரப்பு பெருகும். பரப்போடு படலமும் பெருகும். ஓர் ஓட்டையை அடைத்தால் இன்னொன்று ஒழுகுகிறது. அதனால்தான் இன்று விற்பனையிலுள்ள சில மின்கலங்களில் கிராபைட்டோடு சிறிதளவு சிலிக்கனையோ அதன் ஆக்சைடையோ மட்டும் கலக்கிறார்கள். இதைக் கோழைத்தனம் என்பார் உண்டு. நான் நிதானம் என்பேன்.

இதையெல்லாம் விளக்கி முடித்ததும் அண்ணன், "பத்து மடங்கு வேண்டாமப்பா, தவணை முடியும்வரை உழைத்தால் போதும்" என்றார். அவர் கட்சியே என் கட்சியும். புதிய மின்கலம் பற்றி எழுதுவோர் கொள்ளளவோடு, எத்தனை சுற்று தாங்கியது என்பதையும் எழுத வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்தது, துகள்களைப் பிணைக்கும் பசை. வழக்கமான பாலிவினைலிடீன் புளூரைடு சிலிக்கனை இறுகப் பற்றுவதில்லை. 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைப் பசையாக்கி வெற்றி கண்டனர். அதன் கார்பாக்சில் தொகுதிகள் சிலிக்கனின் மேற்பரப்போடு கைகோக்கின்றன. மேலும் அது நீரில் கரைவது. நச்சுக் கரைப்பான் தேவையில்லை. அத்தகைய பாசி நம் மன்னார் வளைகுடாவிலும் விளைகிறது.

மின்னணு நுண்ணோக்கி இல்லையே என்று நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நல்ல பசை மின்பகுளியில் ஊதக் கூடாது. வரும் பருவத்தில் ஆல்ஜினேட் படலம் வார்த்து, டைஎதில் கார்பனேட்டில் ஊறவைத்து, எடை கூடுகிறதா என்று பார்க்க எண்ணியுள்ளேன். தராசு நம்மிடம் இருக்கிறது. உடன்வர விரும்பும் நண்பர்கள் மாலை வேளையில் வேதியியல் ஆய்வகத்தில் என்னைக் காணலாம்.