குரலைத் தனியே கொடுங்கள்

நம்மூரில் ரீமிக்ஸ் என்றால் பழைய சினிமாப் பாட்டுக்கு அடியில் டம் டம் என்று தாளம் போட்டு விற்பதுதான். உரிமை ஆடியோ கம்பெனியிடம் இருக்கும். முதலில் வாசித்தவர் பெயரைத் தேடத்தான் வேண்டும். வீட்டு அறையில் கீபோர்டும் ஹெட்போனுமாக உட்காரும் எனக்கு அதில் ஈர்ப்பில்லை.

படைப்புகளை மற்றவர்கள் எடுத்தாள அனுமதிக்கும் உரிமங்களை வகுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2004-இல் தொடங்கிய சிசி-மிக்ஸ்டர் இணையதளம் வேறு ரகம். ஒருவர் பக்கவாத்தியமே இல்லாமல் தன் குரலை மட்டும் ஏற்றி வைப்பார். முகம் தெரியாத ஒருவர் அதற்கு பேஸ் கிட்டார் சேர்ப்பார்; இன்னொருவர் வேகத்தையே மாற்றுவார். யார் குரல், யார் தாளம் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வம்சாவளி இருக்கும். எல்லாப் பாட்டும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்தது அந்த வம்சாவளிதான். அதே ஆண்டு வயர்ட் பத்திரிகை, வெட்டி ஒட்டும் அனுமதியோடு 16 பாட்டுகளைக் குறுந்தட்டாக வெளியிட்டது. பாட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர் ஜில்பெர்டோ ஜில். அப்போது அவர் பிரேசிலின் கலாசார அமைச்சர்!

இப்படிக் குரலைக் கொடுக்கிறவர்களில் பலர் ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற உரிமத்தைப் போட்டுவிடுகிறார்கள். தங்கள் குரலை வைத்து வேறு யாரோ காசு பார்த்துவிடுவார்களோ என்ற பயம் நியாயம்தான். ஆனால் அந்தக் குரலோடு உழைத்தவரால், மறுபடி அனுமதி வாங்காமல் பாட்டைக் குறும்படத்துக்குக்கூட விற்க முடியாது. பெயரைச் சொன்னால் போதும் என்ற உரிமமே என் கட்சி.

தமிழில் சொந்தமாகப் பாடி யூடியூபில் போடுகிறவர்கள், குரலைத் தனி வேவ் கோப்பாகவும் வைக்கலாம். வேகம், சுருதி, உரிமம் மூன்றையும் எழுதிவிட்டால், டொராண்டோவில் இருப்பவர்கூட அன்று ராத்திரியே வேலையைத் தொடங்கிவிடலாம்.