ஷோகேஸுக்குக் கட்டும் காசு யாருக்கு இலாபம்?

நமது கடைகளில் ஷோகேஸ் என்றால் கண்ணாடி அலுமாரி. விற்க வேண்டிய சாமானை வாடிக்கையாளரின் கண்ணில் படும்படி அதற்குள் அடுக்கி வைப்போம். ஐக்கிய அமெரிக்காவில் பேஸ்போல் விளையாடும் பையன்களின் பெற்றோருக்கு அதே சொல் வேறொரு வியாபாரத்தைக் குறிக்கிறது. 15, 16, 17 வயதுப் பையன்கள் சில நூறு டொலர் கட்டணம் செலுத்தி ஒரு மைதானத்தில் கூடுவார்கள். 60 யார் தூரத்தை எத்தனை செக்கனில் ஓடுகிறான், எறியும் பந்து என்ன வேகத்தில் போகிறது, அடித்த பந்து மட்டையை விட்டு என்ன வேகத்தில் கிளம்புகிறது என்பதெல்லாம் கருவிகளால் அளக்கப்படும். வேலிக்கு அப்பால் பல்கலைக்கழகப் பயிற்றுநர்களும் தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்களும் இருந்து குறிப்பெடுப்பார்கள் என்பது காசு கட்டியவர்களின் எதிர்பார்ப்பு.

விளையாட்டுச் செய்தி எழுதுவது இந்தப் பத்தியின் வேலையல்ல. ஆயினும் இதில் விளையாட்டை விட வியாபாரமே அதிகம் இருக்கிறது. அத்துடன் அங்கு குடியேறிய நம்மவர் பிள்ளைகளும் இப்போது அந்த மைதானங்களில் நிற்கிறார்கள். கண்ணாடி அலுமாரியில் இருக்கும் சாமான் கடைக்காரனுக்கு வாடகை கொடுப்பதில்லை. இங்கோ சாமானே வாடகை கொடுக்கிறது. அந்த வாடகைக்குப் பலன் உண்டா என்பதுதான் கேள்வி.

பலன் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இத்துறையில் முன்னணியில் நிற்கும் பேர்ஃபெக்ட் கேம் கம்பனியை 1990களில் ஜெரி ஃபோர்ட் என்பவர் அயோவா மாநிலத்தில் ஆரம்பித்தார். கலிபோர்னியா, டெக்சாஸ், புளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் வருடம் முழுவதும் விளையாடலாம். ஸ்கவுட்களும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். பனி விழும் அயோவாவில் ஒரு கெட்டிக்காரப் பையன் இருந்தாலும் அவனைத் தேடி யார் போவார்கள்? பையன்களை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் ஸ்கவுட் ஒரு பயணத்தில் பலரைப் பார்த்துவிடலாம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பயணச் செலவைக் குறைத்துக் கொடுத்த தரகு அது. சந்தையில் இருந்த உண்மையான ஒரு குறையை நிரப்பியதால்தான் அது வளர்ந்தது.

வளர்ந்த பிறகு நடந்தது வேறு. ஒருவர் இலாபம் காட்டினால் நாலு பேர் அதே தெருவில் கடை திறப்பது நமக்குத் தெரியாததல்ல. இன்று அங்கு ஷோகேஸ் நடத்துபவர்கள் பலர். பத்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் காசு கட்டி விளையாடும் போட்டிகள் உண்டு. ஜோர்ஜியா மாநிலத்தின் எமர்சனில் உள்ள லேக்பொயின்ட் போன்ற இடங்களில் பல மைதானங்களை ஒன்றாகக் கட்டிக் கோடை முழுவதும் போட்டி நடத்துகிறார்கள். பார்க்க வரும் பெற்றோருக்கு வாயிலில் டிக்கெட். சில போட்டிகளில் ஏற்பாட்டாளர் சொல்லும் ஹோட்டலிலேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பையன் தெரிவானாலும் ஆகாவிட்டாலும் ஏற்பாட்டாளரின் கல்லாவுக்கு நட்டமில்லை. வர்த்தகக் கண்காட்சியில் ஸ்டோல் எடுத்தவர்களுக்கு இது விளங்கும். நமது சாமான் விற்றதோ இல்லையோ, ஸ்டோல் வாடகை முதல் நாளே போய்விடும்.

இவர்களுடைய விளம்பரத்தில் அடிக்கடி வரும் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் தொழில்முறை அணிகள் வரிசையாகப் புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்ட் முடிந்தவுடன், தெரிவானவர்களில் மிகப் பெரும்பாலானோர் எங்களது போட்டிகளில் விளையாடியவர்களே என்று அறிவிப்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் கணக்குத் தலைகீழாக நிற்கிறது. தெரிவானவர்களில் எத்தனை பேர் காசு கட்டினார்கள் என்பதல்ல, காசு கட்டியவர்களில் எத்தனை பேர் தெரிவானார்கள் என்பதே கட்டுபவர் கேட்க வேண்டியது. கோடீஸ்வர வியாபாரிகள் எல்லோரிடமும் வங்கிக் கணக்கு இருக்கிறது என்பதற்காக, கணக்குத் திறந்தவரெல்லாம் கோடீஸ்வரராகிவிடுவதில்லை. நாடு முழுவதும் நல்ல பையன்கள் எல்லோரும் ஷோகேஸுக்குப் போகிற காலத்தில், தெரிவான எந்தப் பையனைப் பிடித்துக் கேட்டாலும் அவன் போயிருப்பான்.

தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் வெளியிடும் மதிப்பீட்டின்படி, உயர்நிலைப் பாடசாலையில் பேஸ்போல் விளையாடும் 100 பேரில் ஏழு எட்டுப் பேரே அச்சங்கத்தின் கீழுள்ள கல்லூரி அணி ஒன்றில் சேர்கிறார்கள். முதற்பிரிவுப் பல்கலைக்கழகங்கள் என்று பார்த்தால் சுமார் 2 பேர். ஷோகேஸ்கள் எத்தனை பெருகினாலும் இடங்கள் பெருகவில்லை.

பெருகாதது மட்டுமல்ல, குறைந்தும் இருக்கின்றன. 2019 இல் டிராஃப்ட் 40 சுற்று நடந்தது. 1,200 க்கு மேற்பட்டவர்கள் தெரிவானார்கள். கொரோனா வந்த 2020 இல் அதை 5 சுற்றாக வெட்டினார்கள். 2021 முதல் 20 சுற்று. தெரிவாகிறவர்கள் 600 சொச்சம் பேர். அதே 2021 இல் பெரிய அணிகளின் கீழிருந்த சிறு அணிகளையும் 160 இலிருந்து 120 ஆகக் குறைத்தார்கள். பல்கலைக்கழகப் பக்கமும் நெருக்கடிதான். ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாடும் மாணவர் இன்னொன்றுக்கு ஒரு தடவை மாறி, ஒரு வருடம் காத்திராமல் உடனே விளையாடலாம் என்று 2021 இல் விதி தளர்ந்தது. பின்னர் அது இன்னும் தளர்ந்தது. இதனால் பயிற்றுநர்கள் 17 வயதுப் பையனை எடுத்து மூன்று வருடம் வளர்ப்பதை விட, வேறிடத்தில் விளையாடிக் காட்டிய 21 வயதுக்காரனை எடுக்கவே விரும்புகிறார்கள். ஓட்டம் பார்த்த மெஷினை வாங்குவது போல. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தோற்றால் போவது அவர்களுடைய வேலை.

புலமைப்பரிசில் கணக்கையும் பார்த்துவிடுவோம். பலரும் பையன் தெரிவானால் படிப்புச் செலவு முழுவதும் போய்விடும் என்று நினைத்துக் கட்டுகிறார்கள். முதற்பிரிவுப் பேஸ்போல் அணி ஒன்றுக்கு நீண்டகாலமாக இருந்த உச்ச வரம்பு 11.7 முழுப் புலமைப்பரிசில்கள். அதை 27 பேர் வரை பங்கிட்டுக் கொடுக்கலாம். அப்படிப் பங்கிட்டால் சராசரியாக ஒருவருக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின் பின் அந்த வரம்பு நீங்கியது. பதிலாக அணிக்கு 34 பேர் என்ற எண்ணிக்கை வரம்பு வந்தது. வசதியுள்ள பல்கலைக்கழகம் இனிக் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு குடும்பம் 13 வயதிலிருந்து நான்கு வருடம், வருடத்துக்கு 5,000 டொலர் போட்டிக்கும் பயணத்துக்கும் செலவழிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 20,000 டொலர். அந்தக் காசை வங்கியில் போட்டிருந்தால் படிப்புக்கு நிச்சயமாக உதவியிருக்கும். காற்பங்குப் புலமைப்பரிசில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அதைப் போடுவது எப்படிப்பட்ட முதலீடு என்று நீங்களே யோசியுங்கள்.

டெக்சாஸில் இருக்கும் எனது சாச்சாவின் மகன் போன வருடம் என்னிடம் இதைப் பற்றிக் கதைத்தார். மகனுக்குப் பதினைந்து வயது. பெயர் போட்டு ஒரு பல்கலைக்கழக முகாமிலிருந்து அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. “நானா, காசு பெரிசில்ல. புள்ளய அவங்களே பாத்துக் கூப்பிட்டிருக்காங்க” என்றார். “தம்பி, இந்தக் கடுதாசி எத்தன பேருக்குப் போயிருக்கும்?” என்று கேட்டேன். விசாரித்துப் பார்த்தால், மகனுடைய அணியில் உதிரியாக இருக்கும் பையன் உட்பட ஒன்பது பேருக்கு வந்திருக்கிறது.

இதில் களவு எதுவும் இல்லை. கல்லூரிகளின் முகாம்கள் வயது, வகுப்பு, எண்ணிக்கை போன்ற வரம்புகளுக்குள் விரும்பிய எவரும் சேரத் திறந்திருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஆகவே அழைப்பு என்று எழுதியிருந்தாலும் அது நோட்டீஸ்தான். பேஸ்போலில் 2023 வரை சம்பளமில்லாத தொண்டர் பயிற்றுநர் என்று ஒரு பதவி இருந்தது. அந்தப் பதவியில் இருந்தவர்களுக்கு முகாம் வருமானமே பிழைப்பு. அந்தப் பதவி போனாலும் முகாம்கள் போகவில்லை. மேலும் 11 ஆம் வகுப்புத் தொடங்கும் முன் வரும் ஆகஸ்ட் 1 ஆம் திகதி வரை முதற்பிரிவுப் பயிற்றுநர் பையனுடன் சேர்ப்பதைப் பற்றிப் பேசக்கூடாது என்று 2023 இல் விதி வந்திருக்கிறது. 13 வயதுப் பிள்ளையைக் ‘கண்ணில் படுவதற்காக’ ஊர் ஊராகக் கொண்டுபோகும் பெற்றோருக்கு இதை யார் சொல்வது?

உண்மையான அழைப்பை அடையாளம் காண வழி உண்டு. வாங்குபவர் தன் சட்டைப்பையில் கைவைக்கிறாரா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் ஒரு பையனை உத்தியோகபூர்வ விஜயத்துக்கு அழைத்தால் செலவை அதுவே ஏற்கும். பெரிய லீக் 2019 இல் தொடங்கிய பி.டி.பி. லீக் என்ற பயிற்சி முகாமுக்கு தெரிவான பையன்கள் கட்டணம் கட்டுவதில்லை. உங்களுடைய சரக்கு வேண்டுமென்றால் மொத்த வியாபாரி லொறி அனுப்புவார். நாமே லொறி பிடித்து, மாதிரிக்கும் காசு கொடுத்துப் போய் நிற்பது வேறு வியாபாரம்.

இந்த முறையால் அடிபடுகிறவர்கள் ஏழைகள். புளோரிடாவின் ஃபோர்ட் மீட் என்ற சிற்றூரில் வசதியில்லாத வீட்டில் வளர்ந்த ஆண்ட்ரூ மெக்கட்சன், 2005 டிராஃப்டில் 11 ஆவதாகத் தெரிவாகி 2013 இல் தேசிய லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருதையும் பெற்றவர். அவர் 2015 இல் எழுதிய ஒரு கட்டுரையில், திறமை மட்டும் போதாது, பார்க்கிறவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகக் காசு வேண்டும் என்ற பொருளில் மனம் திறந்திருந்தார். தன் செலவைப் பிறர் ஏற்றிருக்காவிட்டால் தன் நிலை என்ன என்பதையும் சொன்னார். உச்சிக்குப் போனவரே இதைச் சொல்வது யோசிக்க வேண்டியது. ஷோகேஸ் திறந்த சந்தை என்கிறார்கள். நுழைவுக் கட்டணம் உள்ள சந்தை எப்படித் திறந்ததாகும்?

காசு போனால் மீண்டும் உழைக்கலாம். கை போனால்? ஷோகேஸில் பந்தெறியும் பையன் வேகமானிக் கருவியைப் பார்த்துத்தான் எறிகிறான். மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீற்றர் என்ற இலக்கம் விழுந்தால் ஸ்கவுட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பெரிய லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட காயங்கள் பற்றிய அறிக்கை, பேர்ஃபெக்ட் கேமின் தேசிய ஷோகேஸில் அந்த வேகத்தைத் தொட்டவர்கள் 2018 இல் 5 பேர், 2024 இல் 36 பேர் என்று காட்டியது. ஓய்வில்லாமல் வருடம் முழுவதும் வேகத்தைத் துரத்துவதை அது காயங்களுடன் சேர்த்துப் பேசியது. முழங்கையின் உட்பக்கத் தசைநார் அறுந்தால் செய்யும் சத்திரசிகிச்சைக்கு, 1974 இல் அதை முதலில் செய்துகொண்ட டொமி ஜோன் என்ற பந்தெறிபவரின் பெயரே நிலைத்துவிட்டது. அது 31 வயதுத் தொழில்முறை வீரருக்குச் செய்தது. இப்போது பாடசாலைப் பையன்கள் அந்த மேசையில் படுக்கிறார்கள். அதிகம் எறிந்த கைக்கு வருடத்தில் சில மாதங்கள் முற்றாக ஓய்வு வேண்டும் என்று 2014 இலேயே பெரிய லீக்கும் யூ.எஸ்.ஏ. பேஸ்போலும் சேர்ந்து வழிகாட்டல் வெளியிட்டன. ஷோகேஸ் நாட்காட்டி அந்த மாதங்களையும் விட்டுவைப்பதில்லை.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம், எல்லோரும் அல்ல. ஏற்கனவே அந்தத் தரத்தில் இருப்பவன், ஆனால் ஊர் ஒதுக்குப்புறம், யாரும் பார்க்கவில்லை என்றால் ஒரு நல்ல ஷோகேஸ் பெறுமதியானது. மைக் டிராவுட் நியூ ஜேர்சியின் மில்வில் என்ற குளிர் ஊர்க்காரர். ஸ்கவுட்கள் தெரிவு செய்து கூட்டும் ஏரியா கோட் கேம்ஸில் விளையாடியது அவருக்கு உதவியது. ஆனால் 2009 இல் அவரை 25 ஆவதாக எடுத்த ஏஞ்சல்ஸ் அணியின் ஸ்கவுட், அவருடைய தகப்பனுடன் முன்பு ஒன்றாக விளையாடியவர். அறிமுகம் வேலை செய்கிற இடத்தில் அறிமுகம்தான் வேலை செய்கிறது, பேஸ்போலிலும்.

சாச்சா மகனுக்கு நான் சொன்னதை இங்கும் எழுதிவிடுகிறேன். முதலில் உள்ளூரிலேயே நிறுத்தற்கடிகாரமும் வேகமானியும் வைத்து மகனை அளந்து பாருங்கள். நீங்கள் விரும்பும் கல்லூரியில் இப்போது விளையாடுபவர்களின் இலக்கங்களுடன் அதை ஒப்பிடுங்கள். தூரம் அதிகமென்றால் அந்தக் காசைப் பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் போடுங்கள். ஷோகேஸ் உடம்பை வளர்க்காது, இருப்பதைக் காட்டும். பாடசாலைப் பயிற்றுநரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சிறிய காணொளி எடுத்து, படிப்புப் பெறுபேறுகளுடன் கல்லூரிப் பயிற்றுநர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், அதற்குச் செலவில்லை. பதில் எழுதுகிற பயிற்றுநர் “நான் இந்த ஷோகேஸுக்கு வருகிறேன், அங்கே பார்க்கிறேன்” என்றால் அதற்குக் காசு கட்டுங்கள். இரண்டு வருடக் கல்லூரிகளையும் மலிவென்று ஒதுக்காதீர்கள். அங்கிருந்து பெரிய இடத்துக்குப் போனவர்கள் நிறைய.

கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. போன வருடம் எந்தெந்தக் கல்லூரிப் பயிற்றுநர்கள் நேரில் வந்தார்கள்? எத்தனை பையன்களைச் சேர்க்கிறீர்கள்? ஒருவனுக்கு மட்டை பிடிக்க எத்தனை சந்தர்ப்பம்? மழையால் நாள் குழம்பினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது அடுத்த போட்டிக்குக் கழித்துக் கொடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.